கோல்டு கார்டைத் துரத்தாதீர்கள், கணக்கையும் மூடாதீர்கள்

கேள்வி: அம்பத்தூரில் வால்வு தயாரிக்கும் நிறுவனத்தில் ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பத்து வருடமாக மாதம் ஒருமுறை சிங்கப்பூர், வருடத்துக்கு இரண்டு முறை ஃபிராங்க்ஃபர்ட் என்று பறக்கிறேன். பறக்கப் பறக்கப் பாயிண்ட் போல மைல் சேரும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் க்ரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் கோல்டு உறுப்பினராக இருந்தேன். இரண்டு வருடமாக அலுவலகம் இருப்பதிலேயே மலிவான டிக்கெட்தான் எடுக்கிறது. ஜெர்மனிப் பயணமும் லுஃப்தான்ஸாவிலிருந்து எமிரேட்ஸுக்கு மாறிவிட்டது. கோல்டு போய்விட்டது. க்ரிஸ்ஃப்ளையரில் 68,000 மைல், எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸில் 11,000 மைல், விஸ்தாராவில் சேர்த்து ஏர் இந்தியாவுக்கு மாறிய 9,000 பாயிண்ட் இருக்கின்றன. பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு மைலில் தேடினால் சீட்டே இல்லை. கடைசி இரண்டு சிங்கப்பூர் பயணத்துக்கு மைலே ஏறவில்லை. சொந்தக் காசில் இரண்டு முறை போய்வந்தாவது கோல்டைத் திரும்பப் பிடிக்கலாமா? இல்லை, எல்லாக் கணக்கையும் மூடிவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கோல்டு உங்கள் கையைவிட்டுப் போனது போனதுதான். ஆனால் அந்த 68,000 மைல் உங்கள் உழைப்பில் வந்த சொத்து. கணக்கை மூடினால் அது அன்றைக்கே பூஜ்யம் ஆகிவிடும். மூடாமல் வைத்திருப்பதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

முதலில் கோல்டு. க்ரிஸ்ஃப்ளையரில் 12 மாதத்துக்குள் 25,000 எலைட் மைல், அதாவது உறுப்பினர் தகுதிக்கு எண்ணப்படும் மைல், சேர்த்தால் சில்வர், 50,000 சேர்த்தால் கோல்டு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 1,800 மைல் தூரம், போய்வர 3,600. முன்பு அலுவலகம் ஸ்டாண்டர்ட் வகை டிக்கெட் எடுத்திருக்கும். அதில் பறந்த தூரம் முழுவதும் மைலாக ஏறும். மாதம் ஒரு பயணம் என்றால் வருடத்துக்கு 43,200. மீதியை லுஃப்தான்ஸா கொடுத்தது. அதுவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் ஒன்றாக இருப்பதால், சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் தூரமான சுமார் 4,700 மைலில் பாதி ஏறியிருந்தாலே இரண்டு பயணத்துக்கு 9,400 ஆகும். மொத்தம் 52,600. நீங்கள் எந்தச் சிரமமும் எடுக்காமல் கோல்டு தானாக வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

இப்போது அலுவலகம் எடுப்பது லைட் வகை. அதில் பறந்த தூரத்தில் பாதிதான் ஏறும். அதே 12 பயணத்துக்கு 21,600 மைல். எமிரேட்ஸ் ஸ்டார் அலையன்ஸில் இல்லை, ஆகவே ஜெர்மனிப் பயணம் இந்தக் கணக்குக்கு ஒரு மைல்கூடத் தராது. கோல்டுக்கு இன்னும் 28,400 வேண்டும். லைட் டிக்கெட்டில் ஒருமுறை போய்வந்தால் கிடைப்பது 1,800; அப்படியானால் சொந்தக் காசில் 16 முறை சிங்கப்பூர் போய்வர வேண்டும். நீங்கள் நினைக்கும் இரண்டு பயணம் 3,600 மைல் தரும், மொத்தம் 25,200 ஆகும், சில்வர் கிடைக்கும். சில்வருக்கு லவுஞ்ச் கிடையாது. கோல்டில் நீங்கள் அனுபவித்த லவுஞ்ச், கூடுதலாக 20 கிலோ லக்கேஜ், முன்னுரிமை வரிசை எதுவும் அதில் திரும்பி வராது. லவுஞ்சுக்காக மட்டும் ஏங்குகிறீர்கள் என்றால், அதைத் தரும் கிரெடிட் கார்டு ஒன்றின் ஆண்டுக் கட்டணம் ஒரு சிங்கப்பூர் டிக்கெட்டைவிடப் பெரும்பாலும் மலிவு. எடுப்பதற்கு முன் வெளிநாட்டு விமான நிலையத்தில் செல்லுமா, வருடத்துக்கு எத்தனை முறை என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களைப் போலவே நிறையப் பேர் இந்தத் திட்டங்களைக் கைவிடுகிறார்கள். சோம்பலோ கவனக்குறைவோ அதற்குக் காரணம் அல்ல. அவர்கள் சேர்ந்தபோது இருந்த விதி வேறு, இப்போதுள்ள விதி வேறு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 அன்று அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது கணக்கு எளிமையானது: எவ்வளவு தூரம் பறந்தீர்களோ அவ்வளவு மைல். அப்போது மலிவு டிக்கெட்காரருக்கும் அதில் இடம் இருந்தது. இன்னொரு அமெரிக்க விமான நிறுவனமான டெல்டா 2015இல் தூரக் கணக்கை விட்டுவிட்டு, கொடுத்த பணத்துக்கு மைல் என்று மாற்றியது. எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையையும் அதே வருடம் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. 2023 செப்டம்பரில் மேல்நிலை உறுப்பினர் தகுதிக்குச் செலவுத் தொகை ஒன்றையே அளவுகோலாக்கி, லவுஞ்ச் நுழைவையும் சுருக்கியபோது எழுந்த எதிர்ப்பில், எல்லை தாண்டிப் போய்விட்டோம் என்று அதன் தலைமைச் செயல் அதிகாரி எட் பாஸ்டியனே ஒப்புக்கொண்டு, அடுத்த மாதம் சில விதிகளைத் தளர்த்த வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலில் அதே பாதைக்கு வந்தது. அங்கே கோல்டு வேண்டுமென்றால் 20,000 தகுதிப் பாயிண்ட், செலவழிக்கும் பவுண்டுக்கு ஒரு பாயிண்ட் என்ற கணக்கில்.

இதில் நம்மூர் பயணி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மைல் என்பது விமான நிறுவனமே அச்சடித்து, அதுவே விலை வைத்து, அதுவே மதிப்பைக் குறைக்கக்கூடிய பணம். 2020இல் கொரோனா காலத்தில் யுனைடெட் ஏர்லைன்ஸும் டெல்டாவும் கடன் வாங்கியபோது அடகு வைத்தவை இந்த மைல் திட்டங்களைத்தான். டெல்டா மட்டும் 900 கோடி டாலர் திரட்டியது. கிரெடிட் கார்டு வங்கிகள் காசு கொடுத்து மைலை மொத்தமாக வாங்குகின்றன என்பதால்தான் அவ்வளவு மதிப்பு. எனவே நிறுவனத்துக்கு முக்கிய வாடிக்கையாளர் வங்கிதான். மாதம் ஒருமுறை பறக்கும் நீங்கள் அதற்கு அடுத்துத்தான். சந்தையில் மைல் பெருகப் பெருக, ஒரு சீட்டுக்குக் கேட்கும் மைலும் ஏறும். க்ரிஸ்ஃப்ளையர் அட்டவணையே 2017, 2019, 2022 என்று அடுத்தடுத்து உயர்ந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், 2017இல் தன் சொந்த விமானங்களில் மைல் கொடுத்து எடுக்கும் ரிவார்டு டிக்கெட்டில் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எடுத்தது. பல நிறுவனங்கள் அதை இன்னும் வசூலிக்கின்றன.

நிறுவனமே நின்றுபோன கதையும் நமக்குத் தெரியும். 2012இல் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியபோது அதன் கிங் கிளப் மைல் வைத்திருந்தவர்கள் ஏறிப் பறக்க விமானமே இல்லாமல் போனது. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் நின்றது. அதன் மைல் திட்டமான ஜெட்பிரிவிலேஜ் தனி நிறுவனமாக இருந்ததால் மைல் மட்டும் தப்பி இன்டர்மைல்ஸ் ஆனது. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தபோது பாயிண்டுகள் ஒன்றுக்கு ஒன்று என்று மாறின. எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் அந்தப் பாயிண்டுக்கு எந்த சீட் கிடைக்கும் என்பதை இப்போது வேறு அட்டவணை முடிவு செய்கிறது. அதனால்தான் மைலைச் சேர்த்துச் சேர்த்து வைப்பது நகை சேர்ப்பது போல் ஆகாது. அது ஃப்ரிட்ஜில் வைத்த மாவு மாதிரி, நாளுக்கு நாள் புளிக்கும்.

ஆகவே உங்கள் வேலை இப்போது சேர்ப்பது இல்லை, செலவழிப்பது. எதில் செலவழித்தால் நஷ்டமில்லை என்று பார்க்க ஒரே ஒரு கணக்கு போதும். அதே நாள், அதே விமானத்துக்குக் காசு டிக்கெட் எவ்வளவு என்று பாருங்கள். மைலில் எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரியை அதிலிருந்து கழியுங்கள். மீதியை மைல் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு மைலுக்கு எத்தனை காசு என்பது வந்துவிடும்.

கணக்கு புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். சென்னை–சிங்கப்பூர் போய்வர எகானமி 24,000 ரூபாய், மைலில் எடுத்தால் வரி 6,500 ரூபாய், மைல் 40,000 என்றால், 17,500ஐ 40,000ஆல் வகுத்தால் 44 காசு. பிசினஸ் கிளாஸ் ஒருவழி 52,000 ரூபாய், வரி 5,000 ரூபாய், மைல் 43,000 என்றால், 47,000ஐ 43,000ஆல் வகுத்தால் 1 ரூபாய் 9 காசு. இப்போது மூன்றாவது வழியைப் பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தளத்தில் சாதாரண டிக்கெட் வாங்கும்போது பணம் கட்டும் பக்கத்தில் மைலைக் கொண்டு ஒரு பகுதியைக் கட்டும் வசதி வரும். அங்கே ஒரு மைலுக்கு ஒரு சிங்கப்பூர் சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தருவார்கள். சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய் என்று வைத்தால் அது சுமார் 60 காசு. அதாவது மேலே சொன்ன எகானமி ரிவார்டு டிக்கெட், மைலை வெறும் தள்ளுபடியாகக் கழிப்பதைவிடவும் மோசம்! பலர் 'இலவச டிக்கெட்' என்ற சந்தோஷத்தில் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். உங்களுக்கு 60 காசு என்பதே அடித்தளம். அதற்குக் கீழே வரும் எதற்கும் மைலைக் கொடுக்காதீர்கள். குறுகிய தூர மலிவு எகானமியில் பெரும்பாலும் கீழேதான் வரும். பிசினஸ் கிளாஸிலும், கடைசி நேரத்தில் கட்டணம் எகிறிய டிக்கெட்டிலும்தான் மேலே போகும்.

பள்ளி விடுமுறைக்குச் சீட் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ரிவார்டு சீட் என்பது, காசுக்கு விற்காது என்று நிறுவனம் கணித்துத் திறந்துவிடும் சீட். மே மாதமும் டிசம்பர் கடைசியும் சென்னைத் தடத்தில் காசுக்கே நிறைந்துவிடும்போது அவர்கள் ஏன் திறக்கப் போகிறார்கள்? இருந்தாலும் தேடும் முறையால் தவறவிடும் சீட்டும் உண்டு. நான்கு பேர் என்று போட்டுத் தேடினால், குறைந்த மைல் கேட்கும் சேவர் வகையில் மூன்று சீட் இருந்தாலும் நால்வருக்கும் வெயிட்லிஸ்ட் என்றே காட்டும். அதனால் ஒருவர், இருவர் என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். போகும் வழியையும் வரும் வழியையும் தனித்தனி ஒருவழிப் பயணமாகப் பாருங்கள். ஒரு பக்கம் மைலிலும் மறுபக்கம் காசிலும் எடுப்பதில் தப்பே இல்லை. பயணத்துக்கு 355 நாள் முன்பே சீட் திறக்கும், ஆக அடுத்த மே மாதத்துக்கு இந்த வருடம் மே, ஜூன் மாதத்திலேயே பார்க்க வேண்டும். வெயிட்லிஸ்டில் பெயரைப் போடுவதானால், காசு டிக்கெட் விலை ஏறுவதற்கு முன் இந்தத் தேதியோடு காத்திருப்பதை நிறுத்திவிடுவேன் என்று உங்களுக்கு நீங்களே ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். வெயிட்லிஸ்டை நம்பிக் கடைசிவரை இருந்து இரட்டை விலையில் டிக்கெட் எடுப்பதுதான் இந்தத் திட்டங்கள் மேல் வரும் வெறுப்பில் பாதிக்குக் காரணம்.

நீங்கள் போகாவிட்டாலும் பரவாயில்லை. க்ரிஸ்ஃப்ளையரில் ஐந்து பேரை நாமினியாகச் சேர்த்து அவர்களுக்கு உங்கள் மைலில் டிக்கெட் எடுக்கலாம். சிங்கப்பூரில் இருக்கும் பேரப்பிள்ளையைப் பார்க்க முழங்கால் வலியோடு போகும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒருவழி பிசினஸ் கிளாஸ் என்பது 43,000 மைலுக்கு மிக நல்ல உபயோகம். யாரைச் சேர்ப்பது என்று யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்றக் கட்டணம் உண்டு. மைலை விற்றுத் தருகிறேன் என்று வரும் ஆள்களிடம் மட்டும் போகாதீர்கள். விமான நிறுவனம் கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கிவிடும், வாங்கியவரின் டிக்கெட்டும் ரத்தாகும்.

காலாவதி விஷயத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு குணம். க்ரிஸ்ஃப்ளையரில் ஒரு மாதத்தில் ஏறிய மைலுக்கு 36 மாதம் ஆயுள். நடுவில் எத்தனை முறை பறந்தாலும் அந்த ஆயுள் நீளாது. உங்கள் 68,000 ஒரே நாளில் போகாது, மாதம் மாதமாகக் கழியும். கணக்கில் நுழைந்தால் எந்த மாதம் எவ்வளவு கழியும் என்று பட்டியலே இருக்கும். பழைய மைல்தான் முதலில் செலவாகும். கட்டணம் கட்டி ஆறு மாதம் நீட்டிக்கலாம் என்றாலும், தேதி முடிவான பயணம் கையில் இல்லாமல் நீட்டிக்காதீர்கள். காலாவதிக்கு முன் டிக்கெட் எடுத்துவிட்டால் பயணத் தேதி அதற்குப் பிறகு இருக்கலாம். ஆனால் அந்த டிக்கெட்டை ரத்து செய்தால் காலம் கடந்த மைல் திரும்ப வராது. கத்தார் ஏர்வேஸில் முறை நேர்மாறு: ஆவியோஸ் என்ற அதன் பாயிண்ட், 36 மாதத்துக்குள் ஏதாவது ஒரு வரவு செலவு நடந்தால் உயிரோடு இருக்கும். எப்போதாவது பறப்பவருக்கு அந்த முறைதான் ஏற்றது.

எமிரேட்ஸில் மைலுக்கு மூன்று வருடம், முடிவது உங்கள் பிறந்த மாதக் கடைசியில். பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பாக ஃபோனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள். 11,000ஐ முழு டிக்கெட்டாக மாற்றப் பார்ப்பதைவிட, அடுத்த ஜெர்மனிப் பயணங்களில் ஏறும் மைலோடு சேர்த்து, குடும்பப் பயணத்தில் காசும் மைலும் கலந்து கட்டும் வழியில் கழிப்பது சுலபம். 2,000 மைலிலிருந்தே அது முடியும். கணவரும் பிள்ளைகளும் எமிரேட்ஸில் போவார்கள் என்றால் குடும்பக் கணக்கு ஒன்றைத் திறந்து எல்லார் மைலும் ஒரே இடத்தில் விழச் செய்யுங்கள். நாலு பேர் கணக்கில் நாலாயிரம் நாலாயிரமாகக் கிடந்து காலாவதியாவதுதான் வழக்கமாக நடப்பது. ஏர் இந்தியாவில் உங்கள் பெயரில் பழைய கணக்கு ஒன்று, விஸ்தாராவிலிருந்து வந்தது ஒன்று என்று இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒன்றாக்கச் சொல்லி, அந்த 9,000ஐ உள்நாட்டுப் பயணத்துக்குச் செலவழித்துவிடுங்கள். அதற்கும் அதே வகுத்தல் கணக்குதான்.

கிரெடிட் கார்டில் பாயிண்ட் சேர்கிறது என்றால் அதை வங்கியிலேயே விட்டு வையுங்கள். வங்கிப் பாயிண்ட் விமான மைலாக மாறிவிட்டால் திரும்பி வராது. சீட் கண்ணில் பட்ட பிறகு, தேவையான எண்ணிக்கை மட்டும் மாற்றுங்கள். மாறி வர சில நாள் எடுக்கும் வங்கிகளும் உண்டு, அதற்குள் சீட் போய்விடலாம். அதனால் உங்கள் வங்கி எவ்வளவு நேரத்தில் மாற்றுகிறது என்று சிறு தொகையை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனி டிக்கெட் எடுக்கும்போது மைலை மறந்துவிடுங்கள். நேரடி விமானமா, இறங்கும் நேரம் தோதா, லக்கேஜ் எத்தனை கிலோ, மாற்றினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை மட்டும் பாருங்கள். கோல்டுக்காக இரண்டு இடத்தில் இறங்கி ஏறி ஐரோப்பா போகும் ஆட்கள் நிறைய. அதில் கெடும் தூக்கத்துக்கு எந்த கார்டும் ஈடு இல்லை. ஆனால் உறுப்பினர் எண்ணை ஒவ்வொரு முறையும் போடுங்கள், வருவது வரட்டும்.

கடைசியாக, மைல் ஏறாத இரண்டு பயணம். இதைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும், ஏனென்றால் விட்டுப்போன மைலைக் கேட்க க்ரிஸ்ஃப்ளையர் தரும் அவகாசம் ஆறு மாதம். காரணம் பெரும்பாலும் பெயர்தான். நாம் இன்ஷியல் வைத்து எழுதும் பழக்கத்தில் கணக்கை 'எஸ். மீனாட்சி' என்று திறந்திருப்போம். அப்போது கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் வெறும் 'எஸ்' உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட்டில் அதே ஆள் குடும்பப் பெயர் சுப்பிரமணியன், பெயர் மீனாட்சி. டிக்கெட்டில் வருவது சுப்பிரமணியன்/மீனாட்சி. இரண்டும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியாது, மைல் ஏறாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருப்பவர்களுக்கு இன்னும் சிக்கல். சில நிறுவனங்கள் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டு டிக்கெட் தருகின்றன. பத்து வருடம் சரியாக ஏறிய உங்களுக்கு இப்போது தடுக்கிறது என்றால், அலுவலகம் டிராவல் ஏஜென்ட்டை மாற்றியதா, பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது பெயர் எழுதும் முறை மாறியதா என்று பாருங்கள். உறுப்பினர் எண்ணையே ஏஜென்ட் சேர்க்காமல் விட்டிருக்கவும் வாய்ப்பு அதிகம். போர்டிங் பாஸில் உங்கள் எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

முதலில் பாஸ்போர்ட் நகலை அனுப்பி க்ரிஸ்ஃப்ளையர் கணக்கில் பெயரைத் திருத்துங்கள். பிறகு இ-டிக்கெட்டை எடுங்கள். அதில் 618 என்று தொடங்கும் 13 இலக்க எண் இருக்கும். 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் குறியீடு. அந்த எண்ணும், விமான எண்ணும், பயணத் தேதியும், போர்டிங் பாஸும் கையில் இருந்தால் தளத்திலேயே கோரிக்கை போட்டுவிடலாம். பெயர் திருந்துவதற்கு முன் கோரிக்கை போட்டால் அதே காரணத்துக்காக மறுபடியும் தள்ளிவிடுவார்கள், ஆகவே வரிசை மாற வேண்டாம். இரண்டு லைட் பயணத்துக்கு உங்களுக்கு வர வேண்டியது சுமார் 3,600 மைல், 60 காசு என்றாலும் 2,160 ரூபாய். மைல் கணக்கில் ஏறியதைக் கண்ணால் பார்க்கும்வரை அந்த போர்டிங் பாஸ்களைக் கிழித்துப் போடாதீர்கள்.